நிழல் விழாத வருஷம்

ராஜா இல்லாத கதை இது. மந்திரியும் இல்லை. மூன்று வயல், அந்த வயல்களுக்கு ஒரு சின்னக் கண்மாய், அந்தக் கண்மாயை நம்பி மூன்று குடும்பம், அவ்வளவுதான். மடியில் பிள்ளை இருந்தால் தூங்க வைத்துவிட்டுக் கேளுங்கள். தூங்காவிட்டாலும் பரவாயில்லை, இந்தக் கதையில் ஒரு கைப்பிள்ளைக்கும் வேலை இருக்கிறது.

பாண்டிச் சீமையில் செங்காட்டேந்தல் என்று ஓர் ஊர். கும்பினிக்காரர்கள், அதாவது கம்பெனி வெள்ளைக்காரர்கள், வந்து கொஞ்ச வருஷம் ஆகியிருந்த காலம். வருஷத்தின் பெயர் தாது. தாது என்றதும் எல்லாரும் பயப்படுகிற அந்தப் பெரிய பஞ்ச வருஷம் இல்லை. அதற்கு ஒரு சுற்று, அதாவது அறுபது வருஷம், முந்தி வந்த தாது.

அந்த ஊரில் கண்மாயை ஒட்டின தலைமடை வயல் சிவனாண்டி அம்பலத்துடையது. அம்பலம் என்றால் ஊர்த்தலைவர், நாலு பேர் கூடினால் முதல் வெற்றிலை அவர் கைக்குத்தான் போகும். அதற்கு அடுத்த நடுமடை வயல் முத்திருளனுடையது. அவன் வாய் ஓயாதவன், வீட்டில் சோறு இல்லாத நாளிலும் சிரிப்பு இருக்கும். வாய்க்கால் போய் முடிகிற இடத்தில் கடைமடை வயல் சோலையனுடையது. சோலையன் பெண்டாட்டி காத்தாயி. அவள் இடுப்பில் எப்போதும் பேச்சி என்கிற கைப்பிள்ளை.

முத்திருளன் காத்தாயிக்கு அண்ணன் முறை. அவனோடு அவள் பேசுவாள், சண்டையும் போடுவாள். ஆனால் அம்பலம் அவள் புருஷனுக்கு அண்ணன் முறை. அந்தப் பக்கத்து வழக்கப்படி புருஷனுக்கு மூத்தவர் முன்னால் பெண்கள் நின்று பேசக் கூடாது. சொல்லியே ஆக வேண்டும் என்றால் கையில் இருக்கிற பிள்ளையிடம் சொல்வார்கள், பெரியவர் காதில் விழுகிற மாதிரி. அவரும் பிள்ளையைப் பார்த்தே பதில் சொல்வார். பிள்ளைக்குப் பேச்சு வந்திருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

சரி, தண்ணீர் விஷயத்துக்கு வருவோம்.

வாய்க்கால் ரொம்பச் சின்னது. மூன்றாகப் பிரித்து விட்டால் பாதி வழியிலேயே மண் குடித்துவிடும். அதனால் முறை வைத்துத்தான் பாய்ச்சுவார்கள். மடைக்குப் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு கல் நட்டிருந்தது. தரையில் மூன்று கோடு. விடிந்ததிலிருந்து கல்லின் நிழல் முதல் கோட்டைத் தொடுகிற வரை தண்ணீர் தலைமடைக்கு. இரண்டாம் கோட்டைத் தொடுகிற வரை நடுமடைக்கு. மூன்றாம் கோட்டைத் தொடுகிற வரை கடைமடைக்கு. நிழல் கோட்டில் பட்டதும் அடுத்த வயல்காரர் மண்வெட்டியோடு வந்து வாய்க்காலைத் தன் பக்கம் திருப்பிக்கொள்வார். மனுஷனோடு மனுஷன் சண்டை போடலாம், நிழலோடு யார் சண்டை போடுவது? அதனால் அந்த ஊரில் தண்ணீர்ச் சண்டையே வந்ததில்லை.

அப்படிப்பட்ட ஊருக்குத்தான் அந்த வருஷம் வந்தது.

சித்திரையில் வெயில் ஏறவில்லை. வைகாசியில் கிழவர்கள் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஆனியில் போட்ட வடகம் காயாமல் பூஞ்சை பிடித்தது. சூரியன் வந்தான், ஆனால் துலக்காத பித்தளைத் தட்டு மாதிரி வந்தான். வெறுங்கண்ணால் அவனைப் பார்க்கலாம், கண் கூசாது. வானம் முழுக்கச் சாம்பல் பூசினது போல ஒரு மங்கல். கடலுக்கு அப்பால் எங்கேயோ ஒரு மலை வெடித்த சாம்பல் என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். செங்காட்டேந்தலுக்கு அது தெரியாது. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: கோழிக்கு நிழல் இல்லை, மாட்டுக்கு நிழல் இல்லை, மடைக்கல்லுக்கும் நிழல் இல்லை.

ஆவணியில் காலம் தப்பி ஒரு மழை கொட்டியது. கண்மாய் பாதி நிறைந்தது. மூன்று பேரும் நாற்றுப் பாவினார்கள். வழக்கம்போல அம்பலம் முதலில் நடவு போட்டார், மடையைத் திறந்தார். தண்ணீர் தலைமடையில் பாய்ந்தது.

பாய்ந்தது, பாய்ந்தது, பாய்ந்துகொண்டே இருந்தது.

முத்திருளன் மண்வெட்டியோடு போய் நின்றான். அம்பலம் கல்லைக் காட்டினார். நிழல் கோட்டைத் தொட்டால்தானே உன் முறை, இன்னும் தொடவில்லையே என்றார். நிழலே இல்லையே அம்பலத்தாரே என்றான் முத்திருளன். இல்லாத நிழல் எப்படிப்பா கோட்டைத் தொடும், அதைத்தானே நானும் சொல்கிறேன் என்றார் அவர். முத்திருளன் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினான்.

நீங்கள் கேட்பீர்கள், இது என்ன நியாயம் என்று. ஆனால் ஊரில் பாதிப் பேர் தலையை ஆட்டினார்கள். நிழலைக் கேட்டே பழகினவர்கள். நிழல் ஒன்றும் சொல்லாவிட்டால் என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

பிறகு முத்திருளனே ஒரு யோசனை சொன்னான். ஒரு ஏற்றப்பாட்டுப் பாடி முடிகிற நேரம் ஒரு முறை என்று வைத்துக்கொள்வோம் என்றான். எல்லாருக்கும் பிடித்தது. அம்பலம் தன் முறைக்குத் தானே பாடினார். ஓர் அடி பாடி வெற்றிலை போட்டார். அடுத்த அடி பாடித் துப்பிவிட்டு வந்தார். மறந்துவிட்டது என்று முதலிலிருந்து தொடங்கினார். முத்திருளன் முறை வந்ததும் அம்பலத்தின் மைத்துனன் மொக்கையன், நாய் துரத்துகிறவன் மாதிரி ஒரே மூச்சில் பாடி முடித்துவிட்டான். பாட்டுப் போயிற்று.

அப்புறம் சோலையன் ஒரு யோசனை சொன்னான். தேங்காய்ச் சிரட்டையில் ஓட்டை போட்டுத் தண்ணீர்ப் பானையில் மிதக்க விடுவோம், அது மூழ்கினால் முறை முடிந்தது என்றான். அதுவும் எல்லாருக்கும் பிடித்தது. அம்பலம் வீட்டுச் சிரட்டையின் ஓட்டையில் எறும்பு நுழைந்தால் திரும்பி வர முடியாது. முத்திருளனுக்கு ஆத்திரம். அம்பலத்தின் முறையை அளக்க அவன் கொண்டுவந்த சிரட்டையின் ஓட்டையில் எலுமிச்சம்பழம் போகும். சிரட்டையும் போயிற்று.

கடைசியில் மொக்கையன் ஒரு யோசனை சொன்னான். சூரியன் இல்லாவிட்டால் என்ன, தீப்பந்தம் இருக்கிறதே, கல்லுக்குப் பக்கத்தில் பிடித்தால் நிழல் விழாதா என்றான். பட்டப்பகலில் பந்தம் கொளுத்தினார்கள். நிழல் விழத்தான் செய்தது. ஆனால் பந்தம் பிடித்தவன் மொக்கையன். அவன் கோவில் தூண் மாதிரி அசையாமல் நின்றான். நிழலும் அசையாமல் நின்றது. முத்திருளன் அவனைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "அம்பலத்து வீட்டுச் சோறு நல்லாத்தான் இழுத்துப் பிடிக்குது மாப்ளே, சூரியனையே" என்றான். அன்றைக்கு எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு வீட்டுக்குப் போனால் உலை வைக்க ஒன்றும் இல்லை.

இப்படியே நாள் போயிற்று. தண்ணீர் மட்டும் தலைமடையை விட்டு நகரவில்லை. கீழே ஒரு சொட்டுக்கூடப் போகக் கூடாது என்று அம்பலம் வடிகாலையும் மண் போட்டு அடைத்துவிட்டார்.

முத்திருளனின் நாற்று காய்ந்தது. ஒரு நாள் ஆத்திரத்தில் அவன் அதைப் பிடுங்கி ஆட்டுக்குப் போட்டுவிட்டான்.

காத்தாயி நாற்றைக் காய விடவில்லை. வீட்டில் இருந்த நெல் முழுவதையும் அவள்தான் பாவச் சொன்னவள். நெல் கொட்டி வைக்கிற குதிர் காலி, தட்டினால் வெறும் சத்தம்தான் வரும். இந்த நாற்றுச் செத்தால் அடுத்த வருஷத்துக்கு விதையும் இல்லை, இந்த வருஷத்துக்குக் கஞ்சியும் இல்லை. காய்ந்த வாய்க்காலில் ஊற்றுத் தோண்டி, ஒரு இடுப்பில் பிள்ளை, ஒரு இடுப்பில் குடம் என்று சுமந்து ஊற்றினாள். ஊரிலேயே பச்சையாக இருந்தது அவள் நாற்றங்கால் ஒன்றுதான். ஆனால் அவள் சாப்பாடு குறைந்தது. பால் குறைந்தது. பேச்சி மார்பில் வாய் வைத்து இழுத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் வராமல் அவள் முகத்தையே பார்ப்பாள். அழுதாலாவது பரவாயில்லை என்றிருக்கும் காத்தாயிக்கு.

குடத்துத் தண்ணீர் நாற்றங்காலுக்குப் போதும், வயலுக்குப் போதாது. நாற்றுக்கோ வயது ஏறிக்கொண்டே போனது. இன்னும் சில நாளில் கணு விட்டு முற்றிவிடும். அப்புறம் நட்டாலும் ஒன்றுதான், மாட்டுக்குப் போட்டாலும் ஒன்றுதான்.

அந்தச் சமயத்தில் தலைமடையிலிருந்து ஒரு நாற்றம் வர ஆரம்பித்தது.

வெயில் இல்லாத வருஷத்தில் தண்ணீர் தேங்கினால் என்ன ஆகும்? அம்பலத்தின் பயிர் முதலில் மஞ்சளானது. பிறகு கறுத்தது. பிறகு கையால் தொட்டால் வேரோடு வழுக்கிக்கொண்டு வந்தது. ஊருக்கெல்லாம் இல்லாத தண்ணீரைக் குடித்துக் குடித்தே அழுகிப்போனது.

ஆக, கணக்கைப் பாருங்கள். அம்பலத்திடம் தண்ணீர் இருந்தது, நாற்று இல்லை. காத்தாயியிடம் நாற்று இருந்தது, தண்ணீர் இல்லை. முத்திருளனிடம் இரண்டும் இல்லை.

கிணற்றடியில் பெண்கள் காத்தாயியைப் பிடித்துக்கொண்டார்கள். அம்பலம் நாற்றுக் கேட்டு வருவார், ஒரு கட்டுகூடக் கொடுக்காதே என்றார்கள். நாற்று முற்றி மடிந்தாலும் மடியட்டும், அவர் வாசலில் ஒரு நாள் பசி என்றால் என்னவென்று தெரியட்டும் என்றார்கள். காத்தாயிக்கும் அது இனிப்பாகத்தான் இருந்தது. பேச்சி மார்பை விட்டுவிட்டு முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு அம்பலத்தின் முகம்தான் ஞாபகம் வரும். சோலையனும் அதையே சொன்னான். அவர் வயலில் நம் நாற்றுப் போனால் அது அவர் நெல், அறுப்பு அன்றைக்கு என் மண், என் தண்ணீர் என்பார், நாம் துண்டைத் தட்டிப் போட்டுக்கொண்டு வர வேண்டியதுதான் என்றான்.

மறுநாள் காலையில் அம்பலம் வந்தார். சோலையன் வீட்டில் இல்லை. காத்தாயி நாற்றங்காலில் குனிந்திருந்தாள். அவர் தூரத்து வரப்பிலேயே நின்றார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு பிள்ளையைத் தோளில் போட்டாள். பிள்ளையின் முகம் அம்பலத்தைப் பார்த்து இருந்தது.

"பேச்சி, உங்க ஆத்தா நாத்தை நல்லா வச்சிருக்கா போல" என்றார் அம்பலம்.

"பேச்சி, வயல் காஞ்சு கெடக்கையில நாத்தை வச்சு என்ன செய்யன்னு பெரியப்பாகிட்டக் கேளுத்தா."

"நாத்து இல்லாத வயலும் ஊர்ல இருக்குன்னு சொல்லு."

"தண்ணி இருக்கிற வயலும் அதுதானான்னு கேளு."

அம்பலம் இருமினார். மேல்துண்டைச் சரி செய்தார். அறுப்பு முடிந்ததும் நாற்றுக்கு உண்டான நெல்லைக் கொடுத்துவிடுவதாகப் பிள்ளையிடம் சொன்னார்.

"நாத்துக்கு உண்டானது எவ்வளவுன்னு எந்தக் கோடு சொல்லும்னு கேளு, பேச்சி."

காத்தாயி அவரை இப்படியே திரும்பிப் போகச் சொல்லிவிடலாம், ஒரு சொல் போதும். அந்தச் சொல் நாக்கு நுனி வரை வந்தது. அப்போது தோளில் கிடந்த பேச்சி பசியில் அவள் கழுத்தைச் சப்பினாள்.

அந்தச் சொல்லை அவள் விழுங்கிவிட்டாள்.

"நாத்தை விக்கலைன்னு சொல்லுத்தா. வயலு பெரியப்பாவுது, நாத்து நம்மளுது. முத்திருள மாமன் வந்து நடட்டும், களை எடுக்கட்டும். மூணு பேரும் சேந்து வச்ச பயிரு, மூணு கூறு."

"முத்திருளனுக்கு எதுக்குக் கூறு? அவன்கிட்ட என்ன இருக்குன்னு கேளு."

"அவுக வீட்டுலயும் அடுப்பு இருக்குன்னு சொல்லு."

அம்பலம் தன் அழுகின வயலைத் திரும்பிப் பார்த்தார். நாற்றம் அங்கே வரைக்கும் வந்தது. பிறகு, கூறு போடுவது யார் என்று கேட்கச் சொன்னார்.

"பெரியப்பாதான். அவுகளை விட்டா ஊருக்குள்ள வேற யாரு?"

அவர் மீசையைத் தடவிக்கொண்டார்.

"ஆனா போட்ட கூறுல முதக் கூறை மாமன் எடுக்கட்டும். அடுத்த கூறை நாம எடுப்போம். ரெண்டும் போக மிஞ்சுறது பெரியப்பாவுக்குன்னு சொல்லு, பேச்சி."

மீசையில் இருந்த கை அப்படியே நின்றது. அம்பலம் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. பிள்ளையையே பார்த்துக்கொண்டு நின்றார். பேச்சி தன் கையை முழுசாக வாய்க்குள் திணித்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

"சரின்னு சொல்லு உங்க ஆத்தாகிட்ட" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கூறை அவருக்கு முன்னால் நாம்தான் எடுப்போம் என்றதும் சோலையன் சம்மதித்தான். முத்திருளன் கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பேச்சு வராத பிள்ளையிடம் சொன்ன சொல்லுக்கு யார் சாட்சி, வரப்பு நண்டா என்று கேட்டான். ஆனாலும் விடிவதற்கு முன் மண்வெட்டியோடு வந்து நின்றது அவன்தான்.

வடிகாலைத் திறந்து அழுகின தண்ணீரை வடித்தார்கள். செத்த பயிரை மிதித்து உழுதார்கள். காத்தாயியின் நாற்றைத் தலைமடையில் நட்டார்கள். கண்மாயில் மிச்சம் இருந்த தண்ணீரை வேர் நனைகிற அளவுக்கு மட்டும் விட்டார்கள். ஒரே வயல் ஆனபடியால் முறை இல்லை, கோடு இல்லை, சண்டை இல்லை. அறுப்பு வரைக்கும் கூழுக்கு மூன்று வீட்டாரும் காட்டுக் கிழங்கையும் கீரையையும் சேர்த்தே தேடினார்கள். அம்பலத்து வீட்டுப் பசுவின் பால் ஒரு செம்பு தினமும் பேச்சிக்கு வந்தது. யார் கொடுத்துவிட்டது என்று கேட்டால், பேச்சி கேட்டாள் என்று பதில் வரும். அவள் எங்கே கேட்டாள், எப்படிக் கேட்டாள் என்று யாரும் விசாரிக்கவில்லை.

வெயில் இல்லாததால் பயிர் மெள்ளத்தான் வந்தது. தையில் அறுக்க வேண்டியது மாசிக்குப் போனது. கதிர் வழக்கத்தில் பாதிதான். ஆனாலும் நெல் நெல்தான்.

களத்தில் அடித்துத் தூற்றினார்கள். கூறு போடுகிற நாள் வந்தது. முத்திருளனும் சோலையனும் வைக்கோலைக் கட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். காத்தாயி களத்தின் ஓரம் பதர் புடைத்துக்கொண்டிருந்தாள். அம்பலம் அளக்கிற மரக்காலோடு நெல் முன்னால் உட்கார்ந்தார்.

அப்போது மொக்கையன் வந்து அவர் காதில் குனிந்தான். மெதுவாகப் பேசுகிறதாக அவனுக்கு நினைப்பு. ரெண்டு கூறுக்கு அடியில் பதரைக் கொட்டி மேலே நெல்லைப் போடுங்கள் மச்சான், அது பெரிசாகத் தெரியும், பெரிசைப் பார்த்ததும் அவர்கள் எடுத்துக்கொள்வார்கள், சின்னதாகத் தெரிகிறது முழுக்க நெல், அது தானாக உங்களுக்கு மிஞ்சும் என்றான். சொல்லிவிட்டு ஒரு கூடைப் பதரையும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான்.

காத்தாயிக்குக் கை நின்றுவிட்டது. அவள் யோசனையில் இப்படி ஓர் ஓட்டை இருக்கும் என்று அவள் நினைக்கவே இல்லை. புருஷனைக் கூப்பிடலாம். கூப்பிட்டால் களத்தில் அடிதடி, நெல் தெருவுக்குப் போகும். அம்பலத்திடம் சொல்லலாம். எப்படிச் சொல்வது? அவர் முன்னால் பேச அவளுக்கு ஒரே ஒரு வாய்தான் இருந்தது.

அந்த வாயை இடுப்பிலிருந்து இறக்கித் தரையில் விட்டாள்.

பேச்சி இப்போது தவழுகிற பிள்ளை. நெல்லைத் தாண்டி, மரக்காலைத் தாண்டி, நேராகப் போய் அம்பலத்தின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். அவர் பதர்க் கூடையில் ஒரு கை வைத்திருந்தார். அவள் அவரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்தார். அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தெரியாதே.

அம்பலம் அவளை மெல்லத் தரையில் உட்கார வைத்தார். பிறகு பதர்க் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்க் களத்துக்கு வெளியே கொட்டிவிட்டு வந்தார். மொக்கையன் ஓடிவந்து ஏன் மச்சான் என்று கேட்டான்.

"பெரிய ஆளுகிட்டச் சொல்லியிருந்தா மாத்திச் சொல்லிருப்பேன்டா, அவன் சண்டைக்கு வருவான், நானும் மல்லுக்கு நிப்பேன். இது நாளைக்கு வந்து ஏன்னு கேக்காது. கேக்கத் தெரியாத பிள்ளைக்குக் குடுத்த சொல்லை எப்படிடா மாத்துறது?"

அதற்கப்புறம் அவர் கூறு போட்ட அழகை ஊரே வந்து பார்த்தது. இந்தக் கூறில் ஒரு பிடி எடுப்பார், அந்தக் கூறில் போடுவார். எட்டி நின்று பார்ப்பார், குனிந்து பார்ப்பார், மறுபடியும் ஒரு பிடி எடுப்பார். எது தனக்கு மிஞ்சும் என்று தெரியாதே. முத்திருளன் வந்து, "அம்பலத்தாரே, மணி மணியா எண்ணிப் போடுங்க, நான் அடுத்த மாசம் வந்து எடுத்துக்கிறேன்" என்றான். அம்பலத்துக்கே சிரிப்பு வந்துவிட்டது.

முத்திருளன் முதல் கூறை எடுத்தான். அடுத்தது சோலையன் முறை. அவன் பெண்டாட்டியைப் பார்த்தான். காத்தாயி எதையும் அளந்து பார்க்கவில்லை, கிட்டே இருந்த கூறை முறத்தால் தொட்டாள். மிஞ்சினதை அம்பலம் தன் சாக்கில் அள்ளினார். முதலில் எடுத்தவர்களுக்கும் குறையில்லை, மிஞ்சினதை எடுத்தவருக்கும் குறையில்லை. மூன்று வீட்டிலும் அன்றைக்கு உலை கொதித்தது. மூன்று வீட்டிலும் விதைக்கென்று ஒரு பானை தனியாக மூடி வைக்கப்பட்டது. காத்தாயி புது நெல்லைக் குத்திக் குழைய வடித்து, முதல் வாயைப் பேச்சிக்கு ஊட்டினாள். பிள்ளை பாதியைத் துப்பியது, பாதியை விழுங்கியது, இன்னும் வேண்டும் என்று வாயைத் திறந்தது.

கதை கேட்டீர்கள் அல்லவா, இனி அதன் நீதியையும் கேட்டுக்கொள்ளுங்கள்: அடுத்தவருக்கு அளக்கும்போது அதுவே நாளை நமக்கு வரப்போகிற பங்கு என்று நினைத்து அளந்தால், எப்பேர்ப்பட்ட வருஷத்திலும் அளவு தப்பாது, யார் வயிறும் காயாது.